டூர் டி பிரான்ஸ்: தொடங்கும் ஊரையும் முடியும் ஊரையும் யார் தீர்மானிக்கிறார்கள்? போ நகரம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேட்டவர்: மாலைப்பார்வை

வணக்கம். சில ஆண்டுகளாக ஜூலை மாதம் வந்தால் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்த்து வருகிறேன். வீரர்களும் அணிகளும் ஓரளவு பழகிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும், அதாவது ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும், தலைப்பாக நிற்கும் இரண்டு ஊர்ப் பெயர்களைப் பற்றி எனக்கு ஏதும் தெரியாது என்பது அண்மையில்தான் உறைத்தது.

பழைய பாதை வரைபடங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தபோது, பிரனீஸ் மலைத்தொடருக்கு வடக்கே இருக்கும் ஒரே ஊர் அடிக்கடி கண்ணில் பட்டது. அதன் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'போ' என்று உச்சரிக்கிறார்கள். தமிழில் அது வினைச்சொல்லோடு மயங்கும் என்பதால் போ நகரம் என்றே எழுதுகிறேன். 2018இல் ஒரு கட்டம் அங்கே முடிந்திருக்கிறது. 2019இல் நகரைச் சுற்றியே, வீரர்கள் தனித்தனியே நேரத்தோடு போட்டியிடும் டைம் ட்ரையல் நடந்திருக்கிறது. 2020இலும் 2023இலும் போ–லாருன்ஸ், 2021இல் போ–லூஸ் ஆர்திதென், 2024இல் ஒரு நாள் அங்கே முடிவு, மறுநாள் அங்கிருந்தே தொடக்கம், 2025இல் போ–சூப்பர்பான்யேர். இடையில் 2022 ஒன்றுதான் விடுபட்டிருக்கிறது. உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயம், ஒரு லட்சம் மக்கள்கூட இல்லாத ஒரு நகரத்துக்கு ஏன் இத்தனை முறை போக வேண்டும்? ஊர்களை அமைப்பாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, ஊர்களே கேட்டு வாங்குகின்றனவா? எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டம் எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிகிறது என்பதால் பந்தயத்தின் போக்கு மாறுமா, அல்லது அது வெறும் முகவரிதானா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கணவாய்ப்பாதை

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள்தான் இருக்கிறது. ஊர்ப் பெயர் வெறும் முகவரி அன்று. ஒரு கட்டத்தில் எத்தனை கணவாய்கள் வருகின்றன என்பதைவிட, முதல் கணவாய் தொடக்க ஊரிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, கடைசிக் கணவாய் முடிவு ஊரிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பவையே அன்றைய பந்தயத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

போ நகரம் மலைமேல் இல்லை; மலையின் வாசலில் இருக்கிறது. நகரின் தென்விளிம்பில் உள்ள புல்வார் தே பிரனே என்ற சாலையில் நின்றால், வானம் தெளிந்த நாளில் மலைத்தொடர் முழுவதும் எதிரே விரிந்து தெரியும். வடக்கே பொர்தோ வரையில் சமநிலம். ஆகவே வடக்கிலிருந்து வரும் சமதளக் கட்டம் இங்கே ஸ்பிரிண்டில், அதாவது கோட்டருகே நடக்கும் கடைசிப் பாய்ச்சலில், முடியலாம். மறுநாள் இங்கிருந்தே மலைக் கட்டம் புறப்படலாம். 2024இல் நடந்தது இதுதான். ஆஜானிலிருந்து போ வரையிலான 165 கிலோமீட்டர் கட்டத்தை ஸ்பிரிண்டர் யாஸ்பர் பிலிப்சன் வென்றார். மறுநாள் போவிலிருந்து கிளம்பி, தூர்மாலே கணவாயைக் கடந்து, ப்ளா தாதே உச்சியில் தாதெய் பொகாச்சார் தனியாக வந்து வென்றார். அணிகள் ஒரே ஊரில் இரண்டு இரவுகள் தங்க முடிந்தால், கால் ஓய்ந்த வீரர்களைப் பேருந்தில் ஏற்றி நூறு கிலோமீட்டர் அலைக்கழிக்க வேண்டியதில்லை. விடுதிகளும் விமான நிலையமும் உள்ள ஊர் மலையடிவாரத்துக்கு இவ்வளவு அருகில் அமைவது அரிது.

1903இல் முதல் பந்தயம் நடந்தபோது மொத்தம் ஆறே கட்டங்கள். பாரிஸ், லியோன், மார்செய், தூலூஸ், பொர்தோ, நாந்த் என்று பெருநகரங்களையே இணைத்தார்கள். பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களுக்குள் பந்தயம் நுழைந்தது 1910இல். அந்த ஆண்டின் லூஷோன்–பயோன் கட்டம் 326 கிலோமீட்டர் நீளம். பெய்ரசூர்த், ஆஸ்பென், தூர்மாலே, ஓபிஸ்க் ஆகிய நான்கு கணவாய்களையும் கடந்த பிறகு, அத்லாந்திக் கரைப்பக்கத்து பயோன் வரை சமநிலத்தில் இன்னும் வெகுதூரம் மிதிக்க வேண்டியிருந்தது. ஓபிஸ்க் ஏற்றத்தில் ஒக்தாவ் லாபீஸ் அமைப்பாளர்களைப் பார்த்துக் 'கொலைகாரர்கள்' என்று கத்திய கதை இந்தக் கட்டத்தில் பிறந்ததுதான். அன்று வென்றவரும் அவரே. கட்டங்கள் குறுகத் தொடங்கியதும் மலைக்கு அருகில் ஓர் ஊர் தேவைப்பட்டது. போ நகரம் 1930இல் முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே முடிந்த கட்டத்தையும், மறுநாள் அங்கிருந்து லூஷோனுக்குச் சென்ற கட்டத்தையும் இத்தாலியரான அல்ஃப்ரெடோ பிண்டாவே வென்றார். அதற்குப் பிறகு எழுபது முறைக்கு மேல் பந்தயம் அங்கே வந்திருக்கிறது. பாரிஸும் பொர்தோவும் மட்டுமே அதைவிட அதிக முறை வரவேற்றவை.

தொலைவு என்று சொன்னேனே, அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. போவிலிருந்து தொடங்கும் மலைக் கட்டத்தில் ஏற்றம் உடனே வந்துவிடுவதில்லை. முதலில் பல கிலோமீட்டர் பள்ளத்தாக்குச் சாலை. இந்தப் பகுதியில்தான் பெருங்கூட்டத்திலிருந்து சிலர் விலகி முன்னே ஓடும் பிரேக்அவே உருவாகிறது. 2023இன் போ–லாருன்ஸ் கட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இப்படிப் பிரிந்து போனார்கள். அவர்களில் ஒருவரான ஜெய் ஹிண்ட்லி கட்டத்தை வென்றதோடு, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியையும் பெற்றார். தொடக்கக் கோடு மலைச்சரிவிலேயே இருந்திருந்தால் அவ்வளவு பெரிய குழு பிரிந்து போயிருக்க வாய்ப்பே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பதில்: தென்மேற்குவாசி

நான் பிரான்ஸின் தென்மேற்கில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன். ஊர்கள் தாமே கேட்டு வாங்குகின்றனவா என்ற கேள்விக்கு ஆம் என்பதே விடை. ஒவ்வோர் ஆண்டும் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் விண்ணப்பிக்கின்றன. பந்தயம் இருபத்தொரு கட்டங்களே கொண்டது. விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு பாதையை நெய்வது அமைப்பாளரான ஏஎஸ்ஓ நிறுவனம். பந்தய இயக்குநர் கிறிஸ்தியான் ப்ருதோமும், முன்னாள் வீரரான தியரி கூவனூவும் சாலைகளை நேரில் பார்த்து முடிவு செய்கிறார்கள். முழுப் பாதை வழக்கமாக அக்டோபரில் பாரிஸில் அறிவிக்கப்படும்.

தேர்வான ஊர் அதற்காகப் பணமும் கட்ட வேண்டும். தொடக்க ஊருக்குக் குறைவு, முடிவு ஊருக்கு அதிகம்; முடிவுக்குரிய கட்டணம் 1 லட்சம் யூரோவை ஒட்டி இருக்கும். சாலையைச் செப்பனிடுவது, வேகத்தடைகளை அகற்றிப் பின்னர் மீண்டும் அமைப்பது, துப்புரவு, பாதுகாப்பு ஆகிய செலவுகள் தனி. மாநகராட்சி மட்டுமின்றி மாவட்ட நிர்வாகமும் இதில் பங்கேற்பது வழக்கம். இந்தச் செலவு தேவைதானா என்று உள்ளூர் மக்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்; கேட்பதும் நியாயமே. என்னைப் பொறுத்தவரை, அன்று ஒரு நாள் விடுதிகளும் உணவகங்களும் நிரம்புவது சிறிய ஆதாயம்தான். ஹெலிகாப்டர் ஊரின் கோட்டையையும் ஆற்றையும் மேலிருந்து காட்டும் சில நிமிடங்கள் ஏராளமான நாடுகளுக்குப் போய்ச் சேர்வதும், பந்தயத்துக்காகப் போட்ட நல்ல தார்ச்சாலை பல ஆண்டுகள் நமக்கே மிஞ்சுவதும்தான் பெரிய ஆதாயங்கள். 2021 முதல், பந்தயத்தை வரவேற்ற ஊர்களில் அன்றாட சைக்கிள் பயணத்துக்கு வசதி செய்து தருபவற்றுக்கு அமைப்பாளர்கள் தகுதிப் பட்டம் ஒன்றும் வழங்கி வருகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஒரு நாள் கொண்டாட்டத்தை மீதி 364 நாட்களோடு கட்டிப் போடுகிறது.

தொடக்க ஊருக்கும் முடிவு ஊருக்கும் உள்ள வேறுபாட்டை நேரில் பார்த்தால்தான் புரியும். முடிவு ஊருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள் இரவோடு இரவாக வந்து இறங்கும். ஒளிபரப்பு வண்டிகள், மேடைகள், தடுப்புகள் எல்லாம் விடிவதற்குள் நிற்க வேண்டும். முடிவுக் கோட்டுக்கு முன்னால் குறைந்தது 300 மீட்டரும் பின்னால் 100 மீட்டரும் இருபுறமும் தடுப்பு வேலி போட வேண்டும் என்பது உலகச் சைக்கிள் கூட்டமைப்பின் விதி. ஆகவே அகலமான நேர்ச்சாலையும், அதன் அருகே லாரிகள் நிற்கப் பெரிய திடலும் இல்லாத ஊர் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் முடிவு ஊராக ஆவது கடினம்.

தொடக்க ஊர் இதற்கு மாறானது. அங்கே அவசரம் குறைவு. 2024இல் ப்ளா தாதே கட்டம் புறப்பட்ட காலையில் நான் போ நகரில், அணிப் பேருந்துகள் நின்ற தெருவில் இருந்தேன். ஒரு மெக்கானிக் சாய்த்து நிறுத்திய சைக்கிளின் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, தலையைச் சாய்த்து அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பிரேக்கின் ஒரு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி சுழற்றிக் கேட்டார். கைப்பிடியைத் தாங்கும் தண்டின்மேல் விரல் நீளத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தக் கணவாய், எங்கே உணவுப்பை கிடைக்கும் என்று எறும்பெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தாளில் முதல் ஐம்பது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றுமே எழுதப்படவில்லை. கணவாய்ப்பாதை அவர்கள் மேலே சொன்ன பள்ளத்தாக்குச் சாலை அதுதான்.

இன்னொன்று. ஊரின் நடுவே கொடியசைத்ததும் பந்தயம் தொடங்கிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே தொடங்குவது ஊர்வலம் மட்டுமே. இயக்குநரின் சிவப்புக் காருக்குப் பின்னால் எல்லாரும் மெதுவாக ஊரைக் கடந்து, ஊருக்கு வெளியே கிலோமீட்டர் பூஜ்யம் என்று குறித்த இடத்தை அடைவார்கள். காரின் கூரைத் திறப்பு வழியாக ப்ருதோம் எழுந்து நின்று வெள்ளைக் கொடியை அசைத்த பிறகே உண்மையான பந்தயம். ஊர் மக்கள் வீரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஊர்வலம்.

பதில்: ஏற்றமுகம்

கணவாய்ப்பாதை அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் போ நகரத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டியிருக்கிறார். தொடக்க ஊராக அது சிறந்தது. மலைக் கட்டத்தின் முடிவு ஊராக அது பந்தயத்துக்குக் கேடு. 2010இல் லூஷோனிலிருந்து போ வரை 199.5 கிலோமீட்டர் கட்டம் ஒன்றை வைத்தார்கள். 1910இன் நூற்றாண்டு நினைவாக அதே நான்கு கணவாய்களும் இருந்தன. ஆனால் ஓபிஸ்க் உச்சியிலிருந்து போ வரை சுமார் 60 கிலோமீட்டர் இறக்கமும் சமநிலமும். மேலே யாராவது தாக்கினாலும் கீழே கூட்டம் அவரைப் பிடித்துவிடும் என்று தெரிந்ததால், ஒட்டுமொத்த வெற்றிக்குப் போட்டியிட்டவர்கள் யாரும் துணியவில்லை. பிரேக்அவேயில் போன பியரிக் ஃபெத்ரிகோ ஸ்பிரிண்டில் வென்றார். 2012இல் போவில் முடிந்த கட்டத்தையும் அதே ஃபெத்ரிகோ பிரேக்அவேயிலிருந்தே வென்றார். அவர் வெற்றியைக் குறைத்துச் சொல்லவில்லை. தூர்மாலேயையும் ஓபிஸ்க்கையும் ஏறவைத்துவிட்டு அவற்றைப் பயனற்றதாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதே மலைக்கு லாருன்ஸ் என்ற சிற்றூர் எவ்வளவு நியாயம் செய்கிறது என்று பாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். மரி-பிளாங்க் கணவாயின் உச்சியிலிருந்து அங்கே 20 கிலோமீட்டருக்கும் குறைவு. உச்சியில் கிடைத்த இடைவெளி கீழே வரை தாங்கும். 2020இல் அங்கே சிறு குழுவின் ஸ்பிரிண்டில் ரோக்லிச்சை முந்திப் பொகாச்சார் வென்றது அவருடைய முதல் டூர் கட்ட வெற்றி. அப்போது அவருக்கு வயது 21. 2023இல் அதே மரி-பிளாங்கில் யோனாஸ் விங்ககார்ட் தாக்கி, லாருன்ஸ் சேர்வதற்குள் பொகாச்சாரைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆதாயம் பெற்றார். அதே மலைகள், முடிவு ஊர் மாறியது, பந்தயம் மாறியது.

பதில்: பழையஏடு

ஏற்றமுகம் அவர்களுக்கு ஒரு மறுப்பு. நீண்ட சமநிலம் எப்போதும் மலையைப் பயனற்றதாக்கும் என்று சொல்ல முடியாது. போவுக்கு வடமேற்கே மூரான்ஸ் என்ற ஊர் இருக்கிறது. பழங்கோட்டையோ தேவாலயப் புகழோ உள்ள ஊர் அன்று. 1951இல் லாக் பகுதியில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்காக அடுக்குமாடிகளாகக் கட்டி எழுப்பிய புதுநகரம். 1969 ஜூலை 15 அன்று லூஷோன்–மூரான்ஸ் கட்டத்தில், ஏற்கெனவே மஞ்சள் ஜெர்சி அணிந்திருந்த எடி மெர்க்ஸ், தேவையே இல்லாத நிலையிலும், தூர்மாலே உச்சியிலிருந்து தனியாகப் பிரிந்து சுமார் 140 கிலோமீட்டர் ஓடி, ஏறக்குறைய எட்டு நிமிட முன்னிலையில் வென்றார். ஓபிஸ்க்குக்குப் பின் அவருக்கு எதிரே இருந்ததும் நீங்கள் குறை சொல்லும் அதே சமநிலம்தான். மலையுச்சியிலேயே கட்டம் முடிந்திருந்தால் இன்றுவரை அதைப் பற்றி யாரும் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அந்தத் தொழிலாளர் குடியிருப்பின் பெயரைச் சைக்கிள் ரசிகர்கள் எல்லாரும் அறிந்தது அந்த ஒரு பிற்பகலால்.

கேட்டவர்: மாலைப்பார்வை

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு எல்லாருக்கும் நன்றி. தொலைவின் முக்கியத்துவம் இப்போது தெளிவாகிவிட்டது. இனி வரைபடத்தைப் பார்க்கும்போது கடைசிக் கணவாய்க்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையேதான் முதலில் கண் போகும். ஒரே ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. மலைகளை விடுங்கள், சமதளக் கட்டத்தில் ஊருக்கு என்ன பங்கு? அங்கே எல்லா ஊரும் ஒன்றுதானே?

பதில்: கணவாய்ப்பாதை

இல்லை. அங்கே ஊரின் சாலை அமைப்பு இன்னும் நேரடியாகத் தலையிடுகிறது. பிரெஞ்சு ஊர்களின் நுழைவாயில்களில் வாகன வேகத்தைக் குறைப்பதற்காக ரவுண்டானாக்களும் நடுத்திட்டுகளும் நிறைய வைத்திருக்கிறார்கள். குடியிருப்பவர்களின் பாதுகாப்புக்கு அவை தேவை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நெருக்கியடித்து வரும் நூற்றைம்பது பேருக்கு அவையே ஆபத்து. 2024இல் வில்நவ்-சூர்-லோ நகரில் முடிந்த கட்டத்தில், முடிவுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் முன்பு, முன்னே போன வீரர் ஒருவர் நடுத்திட்டில் மோத, பின்னால் வந்த ப்ரிமோஷ் ரோக்லிச் விழுந்தார். அவர் இரண்டரை நிமிடத்துக்கு அருகில் இழந்தார். மறுநாள் ஆஜானில் தொடக்கக் கோட்டுக்கே வரவில்லை.

சமதளக் கட்டங்களில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுபவருக்கு, அவர் இருந்த குழுவின் நேரமே வழங்கப்படும் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது. அண்மைக் காலத்தில் சில கட்டங்களுக்கு அந்த எல்லையை 5 கிலோமீட்டர் வரை நீட்டுகிறார்கள். முடிவு ஊரின் கடைசித் திருப்பங்களைப் பார்த்துத்தான் அதைத் தீர்மானிக்க முடியும். ரோக்லிச் விழுந்தது அந்த எல்லைக்கும் வெளியே என்பதால் விதி அவருக்கு உதவவில்லை.

2013இல் கோர்சிகாத் தீவின் பாஸ்தியாவில் நடந்ததையும் பார்த்தால் புரியும். ஓர் அணியின் பேருந்து முடிவுக் கோட்டின் மேல்வளைவில் மாட்டிக்கொண்டது, வீரர்களோ நெருங்கிக்கொண்டிருந்தார்கள். முடிவை 3 கிலோமீட்டர் முன்னதாகவே வைப்பதாக அறிவித்தார்கள். சக்கரங்களின் காற்றை இறக்கிப் பேருந்தைப் பின்னுக்கு இழுத்தபின் மீண்டும் பழைய கோட்டுக்கே மாற்றினார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவே கூட்டத்தில் பெரிய விபத்தும் நேர்ந்தது. மார்செல் கிட்டல் வென்றார். முடிவுக் கோடு சில நிமிடங்கள் நகர்ந்ததே அத்தனை அணிகளின் திட்டத்தையும் குலைத்துவிட்டது.

கேட்டவர்: மாலைப்பார்வை

நன்றி ஐயா. தென்மேற்குவாசி அவர்களுக்கு ஒரு கேள்வி. வாழ்வில் ஒரே ஒரு கட்டத்தை நேரில் பார்க்க வாய்த்தால், தொடக்க ஊருக்குப் போவதா, முடிவு ஊருக்குப் போவதா?

பதில்: தென்மேற்குவாசி

தொடக்க ஊருக்குப் போங்கள். முடிவு ஊரில் பல மணி நேரம் வேலியோரம் நின்று, சில நொடிகளில் எல்லாரையும் தவறவிடுவீர்கள். யார் வென்றார் என்பதைப் பெரிய திரையைப் பார்த்துத்தான் அறிவீர்கள். தொடக்க ஊரில் வீரர்கள் கையெழுத்து மேடைக்கு ஒவ்வோர் அணியாக மெதுவாக வருவார்கள். கையெட்டும் தொலைவில் நிற்பார்கள். புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள், சாலைகளை அதற்குள் மூடத் தொடங்கிவிடுவார்கள். வாகனத்தை ஊருக்கு வெளியே, பந்தயம் போகும் திசைக்கு எதிர்த்திசையில் நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் கூட்டம் கலைந்த பிறகும் வண்டியை எடுக்க முடியாது. பேருந்துகள் நிற்கும் தெரு எது என்று காவலர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேடைக்குப் போகாமல் முதலில் அங்கே போய் நில்லுங்கள்.